லிஃப்டில் நாய், படியில் அந்த அம்மா: சிரிப்பு தப்பான ஆள் மேல் விழுந்துவிட்டது

மைபட்டவிரல் கேட்டது:

வணக்கம். லினோ (தரைவிரிப்பு போன்ற மெத்தென்ற தகட்டில் படம் வெட்டி மை தடவி அச்சிடுவது) வெட்ட ஆரம்பித்து இரண்டரை வருடம்தான் ஆகிறது, அதனால் கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீளமும்கூட.

ஏழு படங்களாக ஒரு வரிசை செய்துகொண்டிருக்கிறேன். எல்லாமே மேலே இருப்பவர், கீழே இருப்பவர் சமாச்சாரம். நான்காவது படம்தான் இப்போது தொல்லை. ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தை நடுவே அறுத்துத் திறந்து காட்டியதுபோல் இருக்கும். இடது பக்கம் லிஃப்ட். உள்ளே கழுத்தில் முத்துமாலை போட்ட ஒரு நாய், அதன் பக்கத்தில் எஜமானர். வலது பக்கம் படிக்கட்டு. தரை துடைக்கும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓர் அம்மா ஏறுகிறார். லிஃப்ட் கதவுக்கு மேலே பலகை: "வேலையாட்களுக்கு அனுமதி இல்லை."

அந்தப் பலகையே ஒரு தனிக்கதை. முதல் ப்ரூஃபில், அதாவது சோதனை அச்சில், எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்த்ததுபோல வந்தது. சரி, புத்தி வந்தது என்று அடுத்த கட்டையில் எழுத்துகளை வலமிருந்து இடமாக வரிசை மாற்றி வெட்டினேன். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகத் திருப்ப வேண்டும் என்பது உறைக்கவில்லை. "வே" அச்சில் விழுந்தபோது கொம்பு வகரத்துக்கு வலப்பக்கம் போய், கோபித்துக்கொண்டு திரும்பி நின்றது. மூன்றாவது முறைதான் சரியாக வந்தது.

இப்போது விஷயம். போன மாதம் ஒரு சின்னக் குழுக் கண்காட்சியில் இதை மாட்டினோம். பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முதலில் சந்தோஷம்தான். அப்புறம் கவனித்தேன், எல்லோரும் அந்த அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் அவருக்கு நாக்கைத் தள்ளவிட்டு, தலையளவு வேர்வைத் துளிகள் போட்டிருந்தேன். ஒருவர், "எங்க வீட்டுக்கு வர்றவங்களும் இப்படித்தான் மூச்சு வாங்குவாங்க" என்று சொல்லிச் சிரித்துப் படத்தோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

கடைசி நாள் இன்னொருவர் வந்தார். படம் ரொம்பப் பிடித்துவிட்டது, பெரிய சட்டம் போட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றார். எங்கே மாட்டுவீர்கள் என்று கேட்டேன். "எங்க பில்டிங்ல, லிஃப்டுக்குப் பக்கத்துல மாட்டினா சூப்பரா இருக்கும்!"

கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அந்தச் சட்டத்தின் கண்ணாடியைத் தினமும் துடைக்கப்போவது யார் என்று நினைத்ததிலிருந்து உளியைக் கையில் எடுக்க மனசு வரவில்லை. நானும் லிஃப்ட் உள்ள கட்டடத்தில்தான் இருக்கிறேன். நாய் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

படத்தில் எங்கே பிசகினேன்? அவருக்கு விற்கலாமா? படத்தை இணைத்திருக்கிறேன்.

செப்புத்தகடு எழுதியது:

தம்பி, படத்தை இணைத்தது நல்லதாயிற்று. பெரிதாக்கிப் பார்த்தேன். வெட்டு சுத்தம். கோணல் வேறிடத்தில் இருக்கிறது.

உளி எங்கே அதிகம் விளையாடுகிறதோ அங்கேதான் கண் போகும். கண் போகிற இடத்தில்தான் சிரிப்பும் விழும். உங்கள் எஜமானரை எண்ணிப் பார்த்தேன்: ஒரு கறுப்புப் பட்டை, மூக்குக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று. தீர்ந்தது. நாயோ அழகாக இருக்கிறது, எடுத்துக் கொஞ்சலாம். அந்த அம்மாவுக்கு மட்டும் நாக்கு, வேர்வை, பிதுங்கிய கண், அவிழ்ந்த கொண்டை. யாரைக் கேலி செய்ய உட்கார்ந்தீர்களோ அவரை உங்கள் உளி தொடவே இல்லையே.

இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று 1789இல் பிரான்சில் வந்தது, செய்தவர் பெயர் கிடையாது. ஒரு கிழட்டு விவசாயி மண்வெட்டியில் ஊன்றிக் குனிந்து நிற்கிறார். முதுகில் ஒரு பாதிரியாரும் ஒரு பிரபுவும் சவாரி. கீழே முயல்களும் பறவைகளும் அவர் பயிரைத் தின்றுகொண்டிருக்கின்றன. வேட்டை உரிமை பிரபுக்களுக்கு மட்டும் என்பதால் விவசாயி அவற்றைத் தொடக்கூடாது. அந்த முயலில்தான் விஷம் இருக்கிறது. முதுகில் ஏறியவர்களை யாரும் வரைந்துவிடலாம். காலடியில் சாவகாசமாகக் கொறிக்கும் முயலை வைக்க, அந்த வேட்டைச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த வயிற்றெரிச்சல் வேண்டும்.

இன்னொன்று ஸ்பானிய ஓவியர் கோயா செய்தது. 1799இல் வெளியிட்ட "காப்ரிசோஸ்" வரிசையில் எண்பது படங்கள், அதில் நாற்பத்திரண்டாவது. இரண்டு மனிதர்கள் ஆளுக்கொரு கழுதையை முதுகில் சுமக்கிறார்கள். மனிதர்களை அவர் கேலி செய்யவே இல்லை, பாரம் தாங்காமல் மடங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கழுதைகளின் உட்கார்ந்திருக்கும் தோரணையைப் பாருங்கள். ஏதோ பிறப்புரிமை மாதிரி. அடியில் எழுதியிருப்பது ஒரு ஸ்பானியப் பழமொழியின் முதல் பாதி: "முடியாத நீ..." மிச்சத்தைப் பார்க்கிறவன்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்: "...என்னை முதுகில் சும." சொல்லி முடித்ததும் அந்த வாக்கியம் அவன் வாயிலிருந்து வந்ததாகிவிடுகிறது.

அதனால் உங்கள் பலகையை எடுத்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம். மூன்று தடவை வெட்டியிருக்கிறீர்கள், வலிக்கும். ஆனால் நாய் லிஃப்டில் இருக்கிறது, வாளி படியில் இருக்கிறது, இதற்கு மேல் என்ன பலகை?

முழுக் கட்டையையும் தூக்கிப் போட வேண்டாம். அந்த அம்மா நிற்கும் பகுதியை மட்டும் கூர்கத்தியால் அறுத்து எடுத்துவிடுங்கள். அதே கனமுள்ள புது லினோத் துண்டை அந்த ஓட்டைக்குச் சரியாக வெட்டிப் பொருத்தி, பின்னால் அட்டை ஒட்டுங்கள். இணைப்பு ஒரு வெள்ளைக் கோடாக அச்சில் விழும். அறுக்கும்போதே படிகளின் விளிம்போடு கத்தியை ஓட்டினால் அந்தக் கோடு படியோடு படியாகப் போய்விடும். நான் இதை எத்தனையோ தடவை செய்திருக்கிறேன், என் மாணவர்கள்கூடக் கண்டுபிடித்ததில்லை.

விற்பது பற்றி: கோயா அந்த வரிசையை மாட்ரிட்டில் வாசனைத் திரவியமும் மதுவும் விற்கிற ஒரு கடையில் வைத்து விற்றார். தெருவின் பெயருக்கு "மயக்கம் தெளிதல்" என்று பொருள், சத்தியமாக. விலை 320 ரியால். போனது 27 தொகுப்பு. 1803இல் விற்காத 240 தொகுப்புகளையும் செப்புத் தகடுகளையும் மன்னரிடமே ஒப்படைத்துவிட்டு, மகனுக்கு உதவித்தொகை வாங்கிக்கொண்டார். யாரிடம் போய்ச் சேர்ந்தது பார்த்தீர்களா! ஆகவே வாங்குகிறவனைப் பார்த்து ரொம்பக் கலங்காதீர்கள்.

மைபட்டவிரல்:

ஐயா, மிக்க நன்றி. எஜமானருக்கு மூன்று வெட்டு என்று நீங்கள் எண்ணிச் சொன்னதும் எனக்கு முகம் சிவந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் அந்த முகம் வரவில்லை, பயந்துபோய்க் கறுப்பாக விட்டுவிட்டேன். (தம்பி இல்லை, தங்கை.)

சும்மாபார்ப்பவன் எழுதியது:

எல்லோரும் மரியாதையாகப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் கெடுக்கிறேன்.

ஏற்றத்தாழ்வைக் கிண்டல் செய்த அச்சுப்படங்களில் பெரும்பாலானவை வசதியானவர்கள் வசதியானவர்களுக்காகச் செய்தவை. ஆங்கில ஓவியர் ஹோகார்த்தின் "ஜின் தெரு" 1751இல் வந்தது. குடித்த தாயின் கையிலிருந்து குழந்தை நழுவி விழுகிறது, தச்சன் ரம்பத்தை அடகு வைக்கிறான், பக்கத்தில் ஒருத்தி சமையல் பாத்திரத்தோடு நிற்கிறாள். பிரமாதமான படம்தான். ஆனால் அவர்கள் ஏன் அப்படிக் குடிக்கிறார்கள் என்று படத்தில் எங்காவது இருக்கிறதா? குடிக்கிறவனைத்தான் சாடுகிறது. ஜோடிப் படமான "பீர் தெரு"வில் எல்லோரும் கொழுகொழுவென்று இருக்கிறார்கள், அடகுக்கடைக்காரன் மட்டும் நொடித்துப்போகிறான். ஜின்னை விட்டுவிட்டு பீர் குடித்தால் வறுமை ஓடிவிடுமாம். படத்தின் விலை ஒரு ஷில்லிங். ஜின் தெருவில் உட்கார்ந்திருப்பவர்கள் அதை எங்கே வாங்குவது? அதே ஆண்டு வந்த "கொடுமையின் நான்கு கட்டங்கள்" ஏழைகளுக்கும் போய்ச் சேரட்டும் என்று மலிவாக மரக்கட்டையில் வெட்டச் சொன்னார். இரண்டு வெட்டியதும் செப்புத் தகட்டில் கீறுவதைவிடச் செலவு அதிகம் என்று தெரிந்து நிறுத்திவிட்டார்.

அப்புறம் ஆங்கிலக் கேலிச்சித்திரக்காரர் ஜார்ஜ் க்ருக்ஷாங்க். 1820இல் நூறு பவுண்ட் வாங்கிக்கொண்டு, மன்னரை ஒழுக்கக்கேடான நிலையில் வரைய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். நையாண்டிக்கு விலைப்பட்டியலே இருந்திருக்கிறது.

அம்மணி, லிஃப்டுக்காரருக்கு விற்றுவிடுங்கள். பணத்தில் நல்ல உளி வாங்குங்கள். ஒரு படத்தால் எந்த லிஃப்டும் திறந்ததில்லை.

கல்லும்நீரும் எழுதியது:

நான் லித்தோ, அதாவது கல்லச்சு ஆள், இந்தத் தளத்தில் லினோக்காரர்கள் அட்டகாசம் தாங்காமல் வாயை மூடிக்கொண்டிருப்பேன். ஆனால் சும்மாபார்ப்பவன் க்ருக்ஷாங்கின் பாதியைத்தான் சொன்னார், மீதியை நான் சொல்லியாக வேண்டும்.

1797க்குப் பிறகு இங்கிலாந்தில் தங்கத்துக்குப் பதில் சின்ன மதிப்புள்ள நோட்டுகள் புழக்கத்துக்கு வந்தன. ஒரு பவுண்ட் நோட்டு யாரும் சுலபமாகக் கள்ளத்தனமாக அச்சடிக்கக்கூடியதாக இருந்தது. கள்ள நோட்டை மாற்றியதற்காக ஏழை எளியவர்கள் தூக்கில் தொங்கினார்கள், பெண்களும்கூட. அதைக் கண்ணால் பார்த்த க்ருக்ஷாங்க் 1819இல் ஒரு நோட்டையே வரைந்தார். வங்கி நோட்டின் அதே அமைப்பு. ஆனால் உள்ளே வரிசையாகத் தூக்கில் தொங்கும் உடல்கள். பவுண்ட் குறி ஒரு சுருட்டிய கயிறு. பிரிட்டனின் உருவகமான பிரிட்டானியா அம்மன் தன் பிள்ளைகளையே தின்கிறாள். வங்கி அதிகாரி கையெழுத்துப் போடும் இடத்தில் ஜே. கெட்ச், அதாவது தூக்குப் போடுகிறவனுக்கு ஊரே வைத்திருந்த பெயர். புத்தகக்கடைக்காரர் வில்லியம் ஹோன் தன் கடையில் வைத்து விற்றார்.

எனக்கு இதில் பிடித்தது எது தெரியுமா? வங்கியை யாரும் குண்டாக, பன்றியாக வரையவில்லை. வங்கியின் சொந்த முகத்தையே எடுத்து அதற்குத் திருப்பிக் காட்டியிருக்கிறார். நூறு பவுண்ட் வாங்கியவரும் இதே ஆள்தான், அடுத்த வருஷமே. மனுஷன் அப்படித்தான். ஆனால் அதற்காக இந்த நோட்டு செல்லாததாகிவிடாது.

"ஒரு படத்தால் என்ன ஆகும்" என்பதற்கு பிரெஞ்சு ஓவியர் தோமியேவைக் கேளுங்கள். 1831 டிசம்பரில் "கார்கான்துவா" (பழைய பிரெஞ்சுக் கதையில் வரும் பெருந்தீனி அரக்கன் பெயர்) என்று ஒரு கல்லச்சு. மன்னர் லூயி பிலிப் பேரிக்காய்த் தலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வாயிலிருந்து தரை வரை ஒரு பலகை. கந்தல் உடுத்தியவர்கள் கூடை கூடையாகக் காசைச் சுமந்து அதில் ஏறி அவர் வாயில் கொட்டுகிறார்கள். உட்கார்ந்திருப்பது நாற்காலி இல்லை, கழிப்பறை இருக்கை என்பது கீழே பார்த்தால் தெரியும். அங்கே விழுவது பட்டங்களும் பதவி உத்தரவுகளும். அதைப் பொறுக்க ஒரு கூட்டம். ஆறு மாதம் சிறை, ஐந்நூறு ஃபிராங்க் அபராதம். கல்லையே அழிக்கச் சொன்னார்கள்.

கல்லை அழித்தால் என்ன என்று கேட்பீர்கள். படமே அந்தக் கல்லில்தான் இருக்கிறது. கொழுப்புப் பென்சிலால் வரைந்து, கல்லை நீரால் நனைத்து, எண்ணெய் மை உருட்டினால் வரைந்த இடம் மட்டும் மை பிடிக்கும். செப்பில் வாரக்கணக்கில் கீற வேண்டியது கல்லில் ஒரு ராத்திரியில் முடியும். காலையில் நடந்தது மறுநாள் ஜன்னலில் தொங்கலாம். பிரெஞ்சு அரசுக்கு இது நன்றாகப் புரிந்தது. 1835 செப்டம்பரில் சட்டம் போட்டார்கள்: எழுத்துக்கு முன்கூட்டியே அனுமதி வேண்டாம், படத்துக்கு வேண்டும். சும்மாபார்ப்பவன் சார், ஒன்றுக்கும் ஆகாத விஷயத்துக்கு எவனாவது இவ்வளவு மெனக்கெடுவானா?

இதே தோமியே 1834இல் "ரூ த்ரான்ஸ்நோனான்" (பாரிஸில் ஒரு தெருவின் பெயர்) செய்தார். படைவீரர்கள் ஒரு வீட்டுக்குள் புகுந்து சுட்டுத் தள்ளிய மறுநிமிடம். இரவுச் சட்டையோடு ஒரு தகப்பன் கட்டிலோரம் சரிந்து கிடக்கிறான். அவன் அடியில் நசுங்கிக் குழந்தை. இதில் கேலி ஒரு கோடுகூடக் கிடையாது. எங்கே சிரிக்க வைக்கக்கூடாது என்று தெரிந்த கை. தங்கச்சி, உங்கள் படத்தில் படிக்கட்டுப் பக்கம் அப்படி இருந்தால்? லிஃப்டில் நையாண்டி, படியில் வெறும் உண்மை. ஒரே கட்டையில் இரண்டு மொழி.

நானும் லிஃப்டில் போகிறவள்தானே என்று ரொம்ப நொந்துகொள்ளாதீர்கள். ஓவியர் ககனேந்திரநாத் தாகூர் கல்கத்தாவின் ஜோராசாங்கோ மாளிகைக்காரர். 1917இல் "அத்புத லோக்" என்ற கல்லச்சுத் தொகுப்பில் தன்னைச் சுற்றியிருந்த பாபுக்களையே, அதாவது வசதியான வங்காளக் கனவான்களையே, கிழித்தார். உள்ளே இருக்கிறவருக்குத்தான் முத்துமாலையில் எத்தனை மணி என்று தெரியும்.

வாங்க வந்தவர் விஷயத்தில் எனக்கு நினைவு வருவது பொசாதா. மெக்சிகோவில் மலிவுத்தாளில் ஒரு சென்டாவோவுக்கு விற்கிற படங்கள் செய்தவர். இறகு வைத்த பெரிய தொப்பி போட்ட ஒரு மண்டை ஓடு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும். தன் இனத்தை மறைத்து ஐரோப்பியச் சீமாட்டி போலத் திரிந்தவர்களைச் சுட்டியது அது. 1913இல் இலவசப் புதைகுழியில் அவரைப் புதைத்து, சில வருடம் கழித்து எலும்புகளைப் பொதுக்குழியில் போட்டார்கள். அந்த மண்டை ஓட்டுக்கு இன்று கைப்பை, கோப்பை, டீ-ஷர்ட் எல்லாம் உண்டு. எதைச் சுட்டினாரோ அதுவாகவே ஆகிவிட்டது. தடுக்க வழியில்லை. ஆனால் அவர் அச்சடித்த நாளில் அது எந்தக் கைக்குப் போனது என்பது அவர் தீர்மானித்தது. நீங்கள் எத்தனை பிரதி போட்டீர்கள்? பதினைந்தா? கட்டை ஐந்நூறு தாங்குமே.

மைபட்டவிரல் (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி, சும்மாபார்ப்பவன் அண்ணனுக்கும் சேர்த்துத்தான். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பலகையை எடுத்துவிட்டேன். எஜமானருக்கு முகம் கிடைத்துவிட்டது. ராத்திரி லிஃப்டில் ஏறி அங்கிருந்த கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தே வரைந்தேன். லிஃப்டில் நின்றால் எல்லோரும் மேலே எரியும் எண்ணைத்தான் பார்க்கிறோம், மோவாய் தானாகத் தூக்கிக்கொள்கிறது. அந்த மோவாய் போதுமாக இருந்தது. நாயும் இப்போது எண்ணைத்தான் பார்க்கிறது.

ஐயா சொன்ன மாதிரி அறுத்துப் பொருத்தினேன். முதல் துண்டு அரை மில்லிமீட்டர் உயரமாக நின்று, அந்த இடம் மட்டும் மை அப்பிக்கொண்டது. பின்னால் ஒட்டிய அட்டையில் ஒரு தாள் உரித்ததும் சரியானது. அந்த அம்மாவுக்கு வேர்வை இல்லை, நாக்கு இல்லை. ஏறுகிறார், அவ்வளவுதான். மலிவுத்தாளில் கரண்டி முதுகால் தேய்த்தே இருநூறு போட்டேன். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

சட்டம் போட்டு வாங்க வந்தவரிடம், லிஃப்டுக்குப் பக்கத்தில் வேண்டாம், உள்ளே மாட்டுவதானால் இலவசமாகவே தருகிறேன் என்றேன். சங்கத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனார். போனவர் போனவர்தான்.

எங்கள் கட்டடத்தில் துடைக்க வருகிற அக்காவிடம் ஒரு பிரதி கொடுத்தேன். கொடுப்பதற்குக் கூச்சமாகத்தான் இருந்தது. வாங்கி, கையைத் தூர நீட்டி, கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிக்கவில்லை. "வாளியக் கைப்பிடிப் பக்கம் வெச்சிருக்கியேம்மா" என்றார். புரியவில்லை. "கைப்பிடிய ஒரு கை பிடிக்கணும்ல. வாளி சுவத்துப் பக்கம்தான் வரும். இப்படி ஏறினா விழுந்துருவோம்."

அச்சில் எல்லாம் இடவலமாகத் திரும்பிவிடும் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்வதற்குள் மண்டையில் உறைத்தது. படம் திரும்பினால் கைப்பிடியும் சேர்ந்துதானே திரும்பும். வரையும்போதே தப்பாகத்தான் வரைந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் வாளியில் தண்ணீர் பிடித்து மூன்று மாடி ஏறிப் பார்த்தேன். சுவர்ப் பக்கம்தான் வருகிறது. பாதி தண்ணீர் என் காலில். ஐயா, அதே ஓட்டையில் இரண்டாவது முறை துண்டு பொருத்தினால் விளிம்பு தாங்குமா, இல்லை புதுக் கட்டைதான் எடுக்க வேண்டுமா?